மூன்றாவது எபிசோடில் ஒரு நோயாளி

அவள்: போச்சு... மறுபடியும் நின்னுடுச்சு.

அவன்: நிக்கலம்மா. நிறுத்தியிருக்கு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.

அவள்: என்ன வித்தியாசம்?

அவன்: தானா நின்னா ரிப்பேர். நிறுத்தினா பாடம். நீ வசனத்தைத் திருப்பிச் சொல்லணும், நான் மார்க் போடணும், அப்பதான் அடுத்த வசனம் ஓடும். அப்படித்தானே இந்தப் பாஷை சொல்லிக் குடுக்கற மெஷினைச் செஞ்சு வெச்சிருக்கேன்.

அவள்: அது கெடக்கட்டும். டிவியில அந்தாளைப் பாருங்க. ஸ்ட்ரெச்சர்ல ஏத்தி எத்தனை வாரமாச்சு! லிஃப்ட் கதவு திறந்தபடி இருக்கு, டாக்டர் வாயைத் திறந்தபடி இருக்கான், இவன் மட்டும் கண்ணை மூடிக்கிட்டுக் கெடக்கான். எங்க ஆஸ்பத்திரியா இருந்தா இந்நேரம் முதுகெல்லாம் புண்ணாயிருக்கும்.

அவன்: சீரியல்ல யாருக்கும் புண்ணு வராது. பேச்சை மாத்தாதே. அந்த நர்ஸ் இப்ப என்ன கேட்டா? அவங்க பாஷையிலேயே அப்படியே சொல்லு.

அவள்: ம்ம்... "நோயாளியின்... நோயாளியின் வீட்டு ஆள்... எங்கே கிடக்கிறான்?"

அவன்: அடிப்பாவி! நீ வேலைக்குப் போகப் போற அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியில இப்படிக் கேட்டா, போட்ட யூனிஃபார்மை அன்னைக்கே கழட்டி வாங்கிக்குவாங்க. கேளு. "நோயாளியின் உறவினர் எங்கே இருக்கிறார்?"

அவள்: எப்படி, எப்படி? இன்னொரு தடவை. மெதுவா.

அவன்: "நோயாளியின் உறவினர் எங்கே இருக்கிறார்?"

அவள்: அடடா... உங்க வாயில அந்த பாஷை எப்படி வழுக்கிக்கிட்டு வருது! என் வாயில மட்டும் கூழாங்கல்லைப் போட்டு அடைச்ச மாதிரி இருக்கு.

அவன்: யாருக்கு? எனக்கா? நல்லா கேட்டே போ. காலேஜ்ல கணக்குல நூறு வாங்கினேன். மொழிப் பாடத்துல வாத்தியார் பரிதாபப்பட்டுப் போட்ட மார்க்ல தேறினேன். கீழே எழுத்து வருது, பாத்துப் படிக்கிறேன். கிளிப்பிள்ளை வேலை.

அவள்: கிளியாவாவது இருக்கீங்களே. எனக்கு அந்த பாஷையில தடுமாறாம வர்றது மூணே மூணு. "கதவு திறக்கும் ஓசை." "பதற்றமான இசை." "தொலைவில் அழுகுரல்."

அவன்: அதை நீ விடவே மாட்டியா?

அவள்: எப்படி விடறது? காது கேக்காதவங்களுக்காகக் கீழே போடற எழுத்து அது. அதையும் வசனம்னு நெனச்சு, உங்க மெஷின் ஆசான் எனக்கு ஒரு வாரம் பாடம் எடுத்துச்சே! நானும் பயபக்தியா மனப்பாடம் பண்ணினேன். நாளைக்கு வலியில துடிக்கிறவன் பக்கத்துல போய் நின்னு, "பதற்றமான இசை"ன்னு சொன்னேன்னா... அவன் ட்ரிப்ஸைப் பிடுங்கிட்டு ஓடிடுவான்.

அவன்: அடைப்புக்குறிக்குள்ள இருக்கறதைத் தள்ளணும்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? ஆயுசு முழுக்கக் கடைக்கு பில் போடற ப்ரோக்ராம் எழுதினவன் நான். எந்தக் கடையிலயும் பின்னணி இசை வாசிச்சுக்கிட்டு யாரும் சோப்பு வாங்கறதில்லை.

அவள்: இருந்தாலும் ஆசான்னு பேரு வெச்சீங்களே... அந்த தைரியத்தைச் சொல்லணும்.

அவன்: பேரு வெச்சது கூடப் பரவாயில்லை. உங்க அண்ணன்கிட்ட வாயை விட்டேன் பாரு, அங்கதான் சனி பிடிச்சுது. மச்சான், சீரியல் பாத்துக்கிட்டே பாஷை கத்துக்கலாம், ஊரே இனிமே இதுலதான் கத்துக்கப் போகுதுன்னு பீத்திக்கிட்டேன்.

அவள்: அண்ணன் என்ன சொன்னார்?

அவன்: ஊர் கத்துக்கறது இருக்கட்டும் மாப்ளே, மொதல்ல என் தங்கச்சி கத்துக்கிட்டாளான்னார்.

அவள்: தங்கச்சி மூணாவது எபிசோடுலயே முட்டி போட்டு நிக்கறான்னு சொல்லுங்க.

அவன்: ...சொல்லியாச்சு.

அவள்: சொன்னீங்களா! சந்தோஷப்பட்டிருப்பாரே. சின்ன வயசுலேர்ந்து என்னை மக்குன்னு சொல்றவர். இப்ப கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு.

அவன்: சேச்சே... நீ மக்கு இல்லை. ஆசான் அப்படி. செஞ்சவன் அறிவுதானே அதுக்கும் இருக்கும்.

அவள்: இல்லைங்க, என் மண்டைதான் களிமண்ணு. சரி, சனிக்கிழமைக்கு டூட்டி மாத்திக்கிட்டேன்.

அவன்: ம். பாஷைப் பரீட்சை.

அவள்: பரீட்சை.

அவன்: தேறலைன்னா... ஒண்ணும் குடி முழுகிடாது, தெரியுமில்ல? அடுத்த வருஷம் எழுதிக்கலாம். அந்த ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிப் போகாது. இங்கேயும் வேலை இருக்கு, வீடு இருக்கு...

அவள்: நீங்க இருக்கீங்க.

அவன்: அதைக் கடைசியில சேத்துக்கலாம்.

அவள்: சும்மா சாஞ்சு உக்காராதீங்க, நிமிந்து உக்காருங்க. அந்தப் பரீட்சையில எதிர்ல ஒருத்தர் உக்காந்து கேள்வி கேப்பாராம். நான் கேக்கறேன், நீங்க பதில் சொல்லிக் காட்டுங்க. அப்பதான் எனக்கு மண்டையில ஏறும்.

அவன்: நியாயமா பாத்தா நான் கேக்கணும், நீ சொல்லணும்.

அவள்: நியாயம் எல்லாம் அறிவாளிங்களுக்கு. நான் மக்கு. நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்.

அவன்: நீ இப்பல்லாம் என்னைப் பாடாப் படுத்தறே. போன மாசம் ட்ரெய்னிங்னு வெளியூர் போனியே, அன்னைக்கு ஒரு நாள்தான் என் தொண்டைக்கு லீவு. போன வாரம் ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸுக்குன்னு போட்டோ எடுக்க ஸ்டூடியோவுக்கு இழுத்துட்டுப் போனே. ரெண்டு காதும் தெரியணுமாம்! என் காது யாருக்கும்மா தெரியாம இருந்துச்சு? நான் தெருமுனை திரும்பறதுக்கு முன்னாடியே என் காது திரும்பிடும்.

அவள்: போட்டோ நல்லாத்தான் வந்திருக்கு. கதவைத் திறந்து வெச்ச கார் மாதிரி.

அவன்: கட்டிக்கறப்போ பாத்துத்தானே கட்டிக்கிட்டே?

அவள்: அப்ப நிறைய முடி இருந்துச்சு, மறைச்சிருந்துச்சு. சரி, ஓட்டுங்க. அந்தாளு எப்பதான் கண்ணைத் திறப்பானோ. திறந்ததும் பெருசா என்ன பண்ணிடப் போறான்... கட்டின பொண்டாட்டியையே யாருன்னு கேக்கப் போறான். அவனோட மாமனார் கைத்தடியை ஊனிக்கிட்டு வந்து...

அவன்: எந்த மாமனார்?

அவள்: ம்?

அவன்: மூணு எபிசோடுல மாமனாரே வரலையே. கைத்தடி எங்கேர்ந்து வந்துச்சு?

அவள்: ...சீரியல்னா மாமனார் இல்லாமலா? மாமனார்னா கைத்தடி இல்லாமலா?

அவன்: உங்கப்பாகிட்ட கைத்தடி கெடையாதே.

அவள்: எங்கப்பா சீரியல்ல நடிக்கலை. அதை விடுங்க. நான் ஒண்ணு கேக்கறேன்... தண்ணிக்கு அந்த பாஷையில என்ன வார்த்தைன்னு நான் எத்தனை தடவை சரியா சொல்லியிருக்கேன்?

அவன்: அது... நிறைய தடவை.

அவள்: நீங்களே "தெரியும்"ங்கற பட்டனை அமுக்கியிருக்கீங்க.

அவன்: அமுக்கியிருக்கேன்.

அவள்: அப்புறம் ஏன் அது தெரியாத வார்த்தைன்னு தினமும் திரும்பி வருது?

அவன்: எங்கேயோ தப்பு இருக்கும். நான்தான் ஆரம்பத்துலேர்ந்து சொல்றேனே, எனக்கு ப்ரோக்ராமே உருப்படியா எழுத வராது. ஏதோ குருட்டாம்போக்குல வேலையில ஒட்டிக்கிட்டிருக்கேன்.

அவள்: நூத்துக்குத் தொண்ணூறு வந்தா நாலாவது எபிசோடு திறக்கும். சரியா?

அவன்: சரி.

அவள்: வாரக்கணக்கா எண்பத்தொம்போதுலயே நிக்குது.

அவன்: அதான் சொல்றேனே, அரைவேக்காடு...

அவள்: உங்க பில் மெஷின் எத்தனை கடையில ஓடுது?

அவன்: அது இருக்கும்... இந்தப் பக்கம் பாதிக் கடை அதுதான்.

அவள்: ஒரு நாளாவது ஒரு கடைக்காரர் போன் பண்ணி, தப்பா கூட்டுதுன்னு சொல்லியிருக்காரா?

அவன்: ...கூட்டல் ஈஸிம்மா.

அவள்: இதுவும் கூட்டல்தானே? எனக்குத் தெரிஞ்ச வார்த்தையை எண்ணணும், அவ்வளவுதானே?

அவன்: ...

அவள்: "பதற்றமான இசை."

அவன்: சிரிப்பு காட்டாதே.

அவள்: நான் சிரிக்கலையே.

அவன்: ...ஒரு வரி எழுதி வெச்சேன்.

அவள்: என்ன வரி?

அவன்: எண்பத்தொம்போதைத் தாண்டக் கூடாதுன்னு. தாண்டப் பாத்தா, தெரிஞ்ச வார்த்தையில கொஞ்சத்தைத் தூக்கித் தெரியாததுல போடுன்னு.

அவள்: எப்ப எழுதினீங்க?

அவன்: ரெண்டாவது எபிசோடு முடிச்சியே, அன்னைக்கு. நீ பொளந்து கட்டிட்டே. ஒரு தப்பு இல்லை. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. அதுவரைக்கும்... நீ ஏதோ ஆசைக்குப் படிக்கறே, நான் ஏதோ ஆசைக்கு மெஷின் செய்யறேன்னு இருந்தேன். இவ நெஜமாவே போயிடுவான்னு அன்னைக்குத்தான் உறைச்சுது.

அவள்: எனக்குப் பாஷை சொல்லிக் குடுக்க ஒரு மெஷின் செஞ்சு, நான் கத்துக்கிட்டதும் அதுக்கு ஒரு பூட்டுப் போட்டீங்க.

அவன்: கேக்கறப்போ ரொம்பக் கேவலமாத்தான் இருக்கு.

அவள்: நான் அந்த மார்க்கை நெஜம்னு நம்பினேங்க. ஆரம்பத்துல ஒரு வாரம்... எனக்கு மண்டையில ஏதோ ஆயிடுச்சுன்னே நம்பினேன். வார்டுல, இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு தடவை பாத்து எடுக்கற மருந்தை மூணு தடவை எடுத்துப் பாத்தேன்.

அவன்: ஐயோ...

அவள்: ஐயோன்னா?

அவன்: எனக்கு இது தோணவே இல்லையே. சத்தியமா தோணலை. நீ பெயிலானா யார் மேலயும் பழி வராது, எல்லாம் அப்படியே இருக்கும்னுதான்...

அவள்: பழி என் மேல வருமே!

அவன்: ஆமா. வரும். தப்புதான். எவ்வளவு வேணும்னாலும் திட்டு.

அவள்: போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

அவன்: சொன்னா நீ போகமாட்டே. அதுதான் எனக்குப் பயம். போகாம இருந்துட்டு, ஒரு நாளும் சொல்லிக்காட்டவும் மாட்டே. தினமும் வேலையிலேர்ந்து இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வருவே, நான் காப்பி போட்டு நீட்டுவேன்... என்னாலதான், என்னாலதான்னு சாகற வரைக்கும் எனக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். அதைத் தாங்க முடியாதுன்னுதான் பழியைத் தூக்கி மெஷின் மேல போட்டேன். அவ்வளவு பெரிய வீரன் நான்.

அவள்: என்கூட வந்துடறேன்னு சொல்லியிருக்கலாமே?

அவன்: கூட வர்ற புருஷனும் பாஷையில தேறணுமாமே. சின்னப் பரீட்சைதான்னு நீதான் சொன்னே. உனக்குச் சின்னது. எனக்கு மலை. ஒரு தடவை ஆபீஸுக்கு வெளிநாட்டுலேர்ந்து ஆளுங்க வந்தாங்களே, ஞாபகம் இருக்கா? ஒரு எழவும் புரியாம, அவங்க சொன்னதுக்கெல்லாம் தலையை ஆட்டினேன். கடைசியில பாத்தா, அடுத்த நாள் எல்லார் முன்னாடியும் சொற்பொழிவு ஆத்தறேன்னு ஒத்துக்கிட்டிருக்கேன்.

அவள்: காய்ச்சல்னு படுத்துக்கிட்டீங்க. நான்தான் போன் பண்ணி லீவு சொன்னேன்.

அவன்: பாத்தியா? இங்கேயே அந்த லட்சணம். அங்க வந்தா நான் உனக்குத் துணை இல்லை. இன்னொரு ஸ்ட்ரெச்சர். ஆஸ்பத்திரியில தள்ளிட்டு வந்து, வீட்லயும் தள்ளணும் நீ. இங்க நாலு கடைக்காரன் என்னை சார்னு கூப்பிடறான். அங்க நான் யாரு? நர்ஸம்மா வீட்ல ஒரு ஊமை இருக்கான்னு சொல்லுவாங்க.

அவள்: அதான் பயமா?

அவன்: ரெண்டு பயம். அது சின்னது.

அவள்: பெருசு எது?

அவன்: ...சாயங்காலம் கதவைத் திறந்தா வீட்ல நீ இல்லாம இருக்கறது. இரு, இப்பவே அந்த வரியை அழிச்சுடறேன். இன்னும் நேரம் இருக்கு, நாலாவது எபிசோடைத் திறந்து விடறேன், ராப்பகலா உக்காந்து படி.

அவள்: அழிக்காதீங்க. சனிக்கிழமை வரைக்கும் அப்படியே இருக்கட்டும்.

அவன்: ஏன்?

அவள்: மூணாவது எபிசோடு எனக்குப் பிடிச்சிருக்கு. இங்க பாருங்க... "உங்களுக்கு எங்கே வலிக்கிறது?"

அவன்: விளையாடற நேரமா இது?

அவள்: "நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். எங்கே வலிக்கிறது?"

அவன்: "எங்கும் வலிக்கவில்லை. என்னைத் தொந்தரவு செய்யாதீர்கள்."

அவள்: "எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது?"

அவன்: "நீ அந்த ஊருக்குப் போகப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து."

அவள்: "உங்களுடன் வந்திருப்பவர் யார்?"

அவன்: "என் மனைவி. அவளை விட்டால் எனக்கு யாரும் இல்லை."

அவள்: "அவர் வேலைக்காக வெளியே போக வேண்டும். அனுமதிப்பீர்களா?"

அவன்: "போகட்டும். நன்றாக இருக்கட்டும். ஆனால் தனியாக அனுப்ப மாட்டேன்." ...என்ன, அப்படிப் பாக்கறே?

அவள்: டிவியை அப்பவே அணைச்சுட்டேன்.

அவன்: அணைச்சா?

அவள்: கீழே எழுத்து எதுவும் வரலை. எதைப் பாத்துப் படிச்சீங்க, கிளிப்பிள்ளை?

அவன்: அது... ஒரே எபிசோடை இத்தனை வாரம் ஓட்டினா நம்ம வீட்டுச் சுவரு கூடப் பேசும்.

அவள்: மொத பதில் மட்டும்தான் எபிசோடுல இருக்கு. தனியாக அனுப்ப மாட்டேன்... அது எந்த எபிசோடுலயும் இல்லை. அது நீங்களே கட்டினது.

அவன்: அனுமதிப்பீர்களான்னு நீ கேட்டது மட்டும் எபிசோடுல இருக்கா? இரு இரு... வீட்டு ஆள் எங்கே கிடக்கிறான்னு கேட்டவ, இப்ப எப்படி டாக்டரம்மா மாதிரி கேக்கறே? அந்த மாமனார்... கைத்தடி! நீ மொத்தத்தையும் பாத்துட்டே!

அவள்: பஸ்ல. போன்ல. கடைசி எபிசோடு வரைக்கும், எங்கேயும் நிறுத்தாம.

அவன்: என் ஆசான் இல்லாமலேயா?

அவள்: மொத ரெண்டு எபிசோடுக்கு ஆசான் வேண்டியிருந்துச்சு. அது பொய் சொல்லலை, நல்லாத்தான் சொல்லிக் குடுத்துச்சு. அதுக்கப்புறம் தண்ணி திரும்பத் திரும்ப வந்துச்சா... இது மெஷின் செய்யற வேலை இல்லை, மனுஷன் செய்யற வேலைன்னு ஒரு வாரத்துல புரிஞ்சுடுச்சு. மொதல்ல கோவம் வந்துச்சு. உங்களை உக்கார வெச்சு நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேக்கணும்னுதான் அன்னைக்கு வீட்டுக்கு வந்தேன்.

அவன்: கேக்கலையே.

அவள்: வந்து உக்காந்தேன். பாடம் ஓடிச்சு. வேணும்னே ஒண்ணைத் தப்பா சொன்னேன், என்ன பண்றீங்கன்னு பாக்க. உடனே நிமிந்து உக்காந்து அழகா திருத்திச் சொன்னீங்க. கீழே பாக்கவே இல்லை. சரி, இந்த மனுஷனை நேரா வந்து படின்னா படிக்க மாட்டார்னு எனக்குத் தெரியும். நான் மக்கா இருந்தா போதும், வாத்தியாராயிடுவார்.

அவன்: அப்ப இத்தனை நாளா... வீட்டு ஆளு, கிடக்கிறான், கூழாங்கல்லு...

அவள்: நடிப்புதான். மூணு மாமியாரை வெச்சு ஓட்டற சீரியல்ல கூட எனக்கு வேலை குடுப்பாங்க.

அவன்: நான் உனக்குப் பூட்டுப் போட்டுட்டேன்னு நெனச்சுக்கிட்டு... நானே உள்ளே உக்காந்திருந்தேனா! இதை மட்டும் மச்சான்கிட்ட சொல்லிடாதே. ஆயுசுக்கும் போதும் அவருக்கு.

அவள்: யோசிச்சு சொல்றேன்.

அவன்: கோவமா இருக்கியா?

அவள்: இருக்கு. அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் கொஞ்சம் பாக்கி இருக்கு. அதை அந்த ஊர்ல போய் உங்களைப் பாத்திரம் தேய்க்க வெச்சுத் தீத்துக்கறேன்.

அவன்: அந்த ஊர்ல போயா... மொதல்ல நீ சனிக்கிழமையைப் பாரு. இப்படிப் பேசறவ கண்ணை மூடிக்கிட்டுத் தேறிடுவே. என்னோடதை அப்புறமா... அடுத்த வருஷமா... மெதுவா யோசிக்கலாம்.

அவள்: சனிக்கிழமை காலையில சீக்கிரம் கெளம்பணும். அந்த நீலக்கலர் முழுக்கை சட்டையைத் தேச்சு வெச்சிருக்கேன், போட்டுக்கோங்க. உள்ளே ஏசி ரொம்பக் குளிருமாம்.

அவன்: வெளியே நின்னு டீ குடிக்கப் போறவனுக்கு எதுக்கும்மா முழுக்கை சட்டை? உள்ளே போகப் போறவ நீதானே?

அவள்: நானா? டீ குடிக்கப் போறது நான். அந்த வெளியூர் ட்ரெய்னிங்னு போனேனே, அன்னைக்கே என் பரீட்சையை எழுதிட்டேன், தேறிட்டேன்னு ரிசல்ட்டும் வந்தாச்சு... பின்ன உங்க காது தெரியற அந்த போட்டோ எதுக்குன்னு நெனச்சீங்க?